அந்தப் பெட்டியைக் கட்டாயமாக்கினது ஆர்?

சில வருடங்களுக்கு முந்தி, வெள்ளக் காலத்தில், நிவாரணப் பட்டியல் பதியும் வேலைக்கு நானும் இரண்டு கூட்டாளிமாரும் போயிருந்தோம். படுவான்கரைப் பக்கம் ஒரு பாடசாலை. ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, ஃபோனில் இருந்து எடுத்த இன்டர்நெட். வரிசையில் ஒரு அம்மம்மா வந்தா. பெயர் சொன்னா, ஊர் சொன்னா, வீட்டில் எத்தனை பேர் என்றும் சொன்னா. அடையாள அட்டை இலக்கம் கேட்டேன்.

"அது வெள்ளத்தோட போயிட்டு மனே."

அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டுச் சேமிக்கப் பார்த்தேன். சிவப்புக் கோடு வந்தது. கட்டாயம் நிரப்ப வேண்டும். பக்கத்தில் இருந்தவன், "ஒன்பது தரம் ஒன்பதைப் போட்டு வீ போடு, போகும்" என்றான். போட்டேன். போனது.

அதே தந்திரத்தை மற்ற மேசைகளிலும் செய்திருக்கிறார்கள். மேலே இருந்த கணினிக்கு, ஒரே இலக்கம் என்றால் ஒரே ஆள். கடைசியாக வந்ததை வைத்துக்கொண்டு முன்னால் வந்தவற்றை இரட்டைப் பதிவு என்று தூக்கிவிட்டது. இறுதிப் பட்டியலில் அம்மம்மாவின் பெயர் இல்லை. நாலு நாள் பிந்தி, அவவைத் தெரிந்த விதானையார்தான் கைப்பட எழுதிச் சேர்த்தார்.

அந்தப் பிழையில் எனக்கும் பங்கு இருக்கிறது. பொய் இலக்கம் அடித்தது என் விரல். ஆனால் பிறகு அந்த மென்பொருளின் ஸ்கீமாவைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது: டேட்டாபேஸில் அடையாள அட்டை இலக்கம்தான் பிரைமரி கீ. யாரோ ஒருவர் அந்த டேபிளை அப்படியே ஒரு கருவிக்குள் போட்டு, பொத்தானை அமுக்கி, எக்ஸ்எம்எல் ஸ்கீமாவை எடுத்திருக்கிறார். டேபிளில் வெறுமையாக இருக்க முடியாதது, செய்தியிலும் வெறுமையாக இருக்க முடியாததாகிவிட்டது. "நிவாரணம் கேட்டு வருகிறவர் என்றால் ஆர்?" என்ற கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. கணினி படிக்கிற எங்கட ஆட்கள் இதை வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். படிக்காதவர்களும் வாசிக்கலாம், ஏனென்றால் இந்தப் பெட்டிகளுக்குள் விழப்போவது எல்லாருடைய பெயரும்தான்.

ஸ்கீமா என்றால் என்ன?

இரண்டு அலுவலகங்கள், அல்லது இரண்டு கணினிகள், ஒரு விசயத்தைப் பரிமாற வேண்டும். எக்ஸ்எம்எல் என்பது அந்த விசயத்தை, ஒவ்வொரு துண்டுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டி எழுதும் முறை. 1998 இல் தரமாக வந்தது. ஸ்கீமா என்பது அந்தக் கடிதத்துக்கான சட்டம்: என்னென்ன சீட்டுகள் வரலாம், எது கட்டாயம், எது விருப்பம், எது எத்தனை தரம் வரலாம், எந்தப் பெட்டிக்குள் எந்த வகை எழுத்து வரலாம். சட்டத்துக்கு ஒத்துவராத கடிதத்தைக் கணினி வாசிக்காமலே திருப்பி அனுப்பும்.

இந்தச் சட்டத்தை எங்கிருந்து எழுதுவது என்பதில்தான் பிரச்சினை. வேலையின் மாதிரியிலிருந்து எழுத வேண்டும். அதாவது, முதலில் கணினியை மூடிவைத்துவிட்டு, இந்த வேலையில் என்னென்ன பொருட்கள், ஆட்கள், சம்பவங்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் என்ன உறவு என்று எழுதுவது. பிறகு, எந்த நேரத்தில் ஆர் ஆருக்கு என்ன சொல்ல வேண்டியிருக்கிறது என்று பார்த்து ஒவ்வொரு செய்தியையும் வரைவது. கடைசியாகத்தான் எக்ஸ்எம்எல்.

இது பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. வங்கிகள் இப்படித்தான் செய்கின்றன. ஐஎஸ்ஓ 20022 என்று ஒரு தரம் 2004 இல் வந்தது. அதில் மூன்று தட்டு: மேலே வேலையின் கருத்து மாதிரி, நடுவில் செய்தியின் வடிவம், கீழே எக்ஸ்எம்எல். கட்டாரிலிருந்து மாமா வங்கி வழியாக அனுப்பும் காசு நாடு விட்டு நாடு வரும்போது, 2025 நவம்பருக்குப் பிறகு ஸ்விஃப்ட் வலையில் இந்த வடிவத்தில்தான் அதற்கான செய்தி ஓடுகிறது. காசுக்கு இவ்வளவு கவனம் எடுக்கிற உலகம், வெள்ளத்தில் நிற்கிற ஆளுக்குப் பொத்தானை அமுக்கிவிட்டுப் போகிறது. என் கோபம் அங்கேதான்.

ஆளைத் தேடும் கடிதம்

மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்த ஒருவருக்கு இந்த விசயம் வெறும் தொழில்நுட்பமாகத் தெரியாது. 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு இங்கே ஒவ்வொரு முகாமிலும், வைத்தியசாலையிலும், கோயில் மண்டபத்திலும் பட்டியல்கள் இருந்தன. உயிரோடு இருப்பவர், காயப்பட்டவர், காணாமற்போனவர். ஒரு பட்டியலில் இருந்த பெயர் மற்றப் பட்டியலோடு பேசவில்லை. கல்லடியில் தேடுகிறவருக்கு வாழைச்சேனையில் எழுதப்பட்ட பெயர் தெரியாது.

அந்த வாரங்களில்தான் கொழும்பில் இலங்கைக் கணினியாளர்கள் தொண்டராகச் சேர்ந்து 'சஹானா' என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனவர் பதிவு, முகாம் பதிவு, உதவி அமைப்புகளின் பதிவு, தேவைகளின் பதிவு என்று பிரித்துக் கட்டினார்கள். பிறகு 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. 2006 க்கான சமூக நன்மை விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்குக் கொடுத்தது. பேரிடரில் தரவை எப்படிப் பிரித்து வைப்பது என்று உலகம் கற்றுக்கொண்டதில் எங்கட கரையின் துயரத்துக்கும் பங்கு உண்டு. பாடசாலையில் ஒருவரும் எங்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

2005 இல் அமெரிக்காவில் கத்ரீனா சூறாவளி வந்தபோது அதே கதை. பத்துப் பதினைந்து இணையத்தளங்களில் தனித்தனிப் பட்டியல்கள். அவற்றை இணைக்க, சில நாட்களிலேயே ஒரு எக்ஸ்எம்எல் வடிவத்தை எழுதினார்கள். பிஃபிஃப் என்று பெயர். ஆளைத் தேடும் செய்திகளுக்கான பொது வடிவம். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் கூகுளின் ஆள் தேடும் சேவை ஓடியது இதன் மேல்தான்.

நான் வாசித்த ஸ்கீமாக்களில் எனக்குப் பிடித்தது இது. காரணம் இரண்டு.

முதலாவது, ஆள் வேறு, ஆளைப் பற்றிய செய்தி வேறு என்று பிரித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பதிவு. அவரைப் பற்றி ஒவ்வொருவர் சொல்வதும் தனித்தனிக் குறிப்பு. சொன்னவர் ஆர், எப்போது சொன்னார் என்பதும் அதோடு போகும். மாமி ஒருத்தி "ஆஸ்பத்திரியில கண்டனான்" என்று சொன்னதை, பிறகு வந்த ஒரு அலுவலரின் குறிப்பு அழித்துவிட முடியாது. இரண்டும் இருக்கும்.

இரண்டாவது, நிலைமைக்கான சொற்கள். 'உயிரோடு', 'இறந்தார்' என்று அதில் இல்லை. உயிரோடு இருப்பதாக நம்பப்படுகிறது, இறந்ததாக நம்பப்படுகிறது, காணாமற்போனதாக நம்பப்படுகிறது. நம்பப்படுகிறது என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் வேலையின் முழு மாதிரியும் இருக்கிறது. பட்டியலுக்கு உண்மை தெரியாது. அதற்குத் தெரிந்தது ஆர் என்ன சொன்னார் என்பது மட்டும்தான். டேட்டாபேஸ் டேபிளில் இருந்து தொடங்கியிருந்தால் 'இறந்தவரா? ஆம், இல்லை' என்று ஒரு பெட்டி வந்திருக்கும். எங்கட பக்கத்தில், சுனாமிக்கும் போருக்கும் பிறகு, எத்தனை தாய்மார் அந்த ஆம்-இல்லைக்கு நடுவில் இன்னும் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

பெயர் என்ற பெட்டி

ஆனால் அந்த பிஃபிஃப் கூட முதலில் ஒரு பிழையோடுதான் வந்தது. பெயருக்கு இரண்டு பெட்டி: முதற்பெயர், கடைசிப்பெயர். அமெரிக்காவில் சரி. இங்கே?

ஒரு கற்பனைப் பெயர் எடுப்போம்: கந்தையா யோகராணி. கந்தையா தகப்பன், யோகராணி பிள்ளை. பெட்டியில் முதலில் வருவதை முதலில் எழுதினால், முதற்பெயர் கந்தையா. அவருடைய தம்பிமார், தங்கச்சிமார் எல்லாரும் கந்தையா. கல்யாணம் கட்டினால் யோகராணிக்கு முன்னால் புருசனின் பெயர் வந்துவிடும். வெளிநாட்டில் இருந்து தேடும் தமையன், தங்கச்சியின் பழைய பெயரை அடிப்பான். கிடைக்காது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முகம்மது என்று தொடங்கும் பெயர்கள் எத்தனை, அதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று எண்ணிப் பாருங்க. முதற்பெயரைக் கொண்டு தேடினால் ஊரே வந்து நிற்கும்.

பிஃபிஃபின் பின்னைய பதிப்புகளில் முழுப்பெயர் என்றொரு பெட்டியும், வேறு பெயர்கள் என்றொரு பெட்டியும் சேர்ந்தன. உலகத்தின் பல மூலைகளில் இருந்து அடி வாங்கித்தான் அது அப்படி மாறியது. முதல் நாளே எங்கட ஆள் ஒருவர் அந்த மேசையில் இருந்திருந்தால் அந்த அடி குறைந்திருக்கும்.

பெயரே இல்லாத ஆளும் உண்டு. சுனாமி அன்று கல்முனை வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட ஒரு கைக்குழந்தையை, அதன் அனுமதி எண்ணான 81 ஐ வைத்தே உலகப் பத்திரிகைகள் அழைத்தன. பெற்றோர் ஆர் என்று மரபணுச் சோதனை முடிவு வந்தது 2005 பெப்ரவரியில். அதுவரை அந்தக் குழந்தையின் பதிவில் உறுதியாக இருந்தது ஒரு எண்ணும் சேர்க்கப்பட்ட இடமும் நாளும்தான். பெயர் கட்டாயம், அடையாள அட்டை கட்டாயம் என்று எழுதிய எந்த ஸ்கீமாவும் அந்தக் குழந்தையைத் திருப்பி அனுப்பியிருக்கும்.

இடம் என்ற பெட்டி

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள். கடதாசியில் அது மண்முனை மேற்கு. வாயில் அது வவுணதீவு. கடதாசியில் மண்முனை தென்மேற்கு, வாயில் பட்டிப்பளை. போரதீவுப்பற்று என்றால் வெல்லாவெளி. கோறளைப்பற்று என்றே ஐந்து பிரிவு தொடங்கும்: வெறும் கோறளைப்பற்று, வடக்கு, தெற்கு, மேற்கு, மத்தி. வெளியூரில் இருந்து ஸ்கீமா எழுதுகிறவர் இந்த 14 ஐயும் ஒரு பட்டியலாகப் போட்டு, இதில் ஒன்றைத் தெரிவு செய் என்பார். வரிசையில் நிற்கிற ஆளோ வாகரை என்பார். கோறளைப்பற்று வடக்கு என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். பதட்டத்தில் இருக்கிற இருபது வயதுத் தொண்டன் பட்டியலில் முதலில் கண்ட கோறளைப்பற்றை அமுக்குவான். அரிசி வாழைச்சேனைக்குப் போய்விடும்.

அதோடு, இந்த வாவியைத் தெரிந்தவர்களுக்கு இடம் என்றால் முதலில் இரண்டுதான்: எழுவான்கரை, படுவான்கரை. வெள்ளம் வந்தால் ஆர் எந்தக் கரையில் நிற்கிறார், எந்தத் துறை, எந்தப் பாலம், எந்தப் பாதை இன்னும் திறந்திருக்கிறது என்பதுதான் லொறி போகுமா தோணி போகுமா என்று தீர்மானிக்கும். நிர்வாகப் பிரிவின் பெயர் அதைச் சொல்லாது. வேலையின் மாதிரியை எங்கட விதானையாரோடோ ஒரு தோணிக்காரரோடோ இருந்து எழுதியிருந்தால், கரை என்ற பெட்டி முதல் பக்கத்திலேயே வந்திருக்கும்.

குடும்பத் தலைவர் என்ற பெட்டி

இதுதான் எல்லாவற்றிலும் கனமான பெட்டி. ஒரு குடும்பத்துக்கு ஒரு தலைவர். கட்டாயம் ஒருவர், ஒருவருக்கு மேல் இல்லை. ஸ்கீமாவில் எழுத ஒரு வரி போதும்.

மட்டக்களப்பில் வீடு வழிவழியாகப் பெண்ணுக்கு. கல்யாணத்தில் வீடு பெண்ணின் பெயரில் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். தமிழரிலும் முஸ்லிம்களிலும் இதுதான் நடைமுறை. சுனாமிக்குப் பிறகு புது வீடும் காணியும் கொடுத்தபோது, ஃபோமில் குடும்பத் தலைவர் என்று ஒரு இடம் இருந்தது, அதில் பெரும்பாலும் ஆணின் பெயர் ஏறியது, உறுதியும் அவர் பெயரில் போனது. தாய் வழியாக வந்த வீடு கடலோடு போனது. திரும்பி வந்த வீடு புருசனின் பெயரில் வந்தது. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் அப்பவே இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன.

அந்த ஃபோமை வரைந்தவர் பெண்களின் வீட்டைப் பறிக்க நினைத்திருக்க மாட்டார். அவருக்குக் குடும்பம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியிருக்கும், அவ்வளவுதான். வேலையின் மாதிரியைச் சரியாக எழுதியிருந்தால் தலைவர் என்ற சொல்லே தேவைப்பட்டிராது. வீட்டில் இருப்பவர்கள், வீட்டின் உரிமையாளர்கள், நிவாரணத்தைக் கையேற்பவர் என்று மூன்று வேறு உறவுகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்ததால் வந்த வினை அது.

மொழி என்ற பெட்டி

சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து எங்கட கரைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. ஒரு செய்தியும் வரவில்லை. அனுப்ப அமைப்பே இருக்கவில்லை என்பதுதான் முதற்காரணம், ஸ்கீமா அல்ல. ஆனால் எச்சரிக்கைச் செய்திகளுக்கான ஒரு எக்ஸ்எம்எல் தரம் அந்த 2004 ஆம் ஆண்டிலேயே வந்திருந்தது. கேப் என்பார்கள், பொது எச்சரிக்கை வடிவம். சுனாமிக்குப் பிறகு லேர்ன்ஏசியாவும் சர்வோதயமும் சேர்ந்து, இலங்கையின் 32 கிராமங்களில் எச்சரிக்கையைக் கடைசி வீடு வரை கொண்டுபோக முடியுமா என்று பரிசோதித்தபோது இந்த வடிவத்தையே எடுத்தார்கள்.

நல்ல வடிவம். எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு நிச்சயம் என்று மூன்றையும் பிரித்துக் கேட்கும். மூன்றிலும் தெரியாது என்று சொல்லவும் இடம் உண்டு. ஒரே எச்சரிக்கைக்குள் பல மொழியில் தகவலை வைக்கலாம். ஆனால் மொழி என்ற பெட்டி கட்டாயம் இல்லை. அதை நிரப்பாவிட்டால் என்ன மொழி என்று எடுத்துக்கொள்ள வேண்டும் தெரியுமா? அமெரிக்க ஆங்கிலம். தரத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது.

கட்டாயமாக்கியது மட்டுமில்லை, கட்டாயமாக்காமல் விட்டதும் ஒரு முடிவு. இந்த நாட்டில் எச்சரிக்கை அனுப்பும் எவரும் அந்தப் பெட்டியை உள்ளூர் விதியாகக் கட்டாயமாக்க வேண்டும், தமிழும் சிங்களமும் இல்லாத எச்சரிக்கையைக் கணினியே திருப்பி அனுப்ப வேண்டும். பொதுத் தரத்தை உடைக்காமல் அதற்கு மேல் இப்படி இறுக்கமான விதி போட முடியும். அப்படிச் செய்ய வழியே இருக்கும்போது, செய்யாமல் விடுவதற்கு நியாயம் இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

"இப்ப எல்லாம் ஜேசன் தானே மச்சான், எக்ஸ்எம்எல் பழசு" என்று சிலர் சொல்வார்கள். சீட்டின் வடிவம் மாறலாம். ஜேசனுக்கும் ஸ்கீமா உண்டு, அதிலும் கட்டாயம் என்று ஒரு பட்டியல் உண்டு, அதே அம்மம்மா அங்கேயும் வந்து நிற்பா.

"கட்டாயம் போடாவிட்டால் கள்ளப் பதிவு வரும்" என்பது இன்னும் வலுவான வாதம். ஆனால் என் மேசையில் நடந்ததைப் பாருங்க. கட்டாயம்தான் கள்ளப் பதிவை உண்டாக்கியது. தெரியாது என்று சொல்ல விடாத பெட்டிக்குள் பொய்தான் விழும், அந்தப் பொய் உண்மையான தரவின் உடுப்போடு நிற்கும். அடையாள அட்டைக்கு இலக்கம் என்ற ஒரு பெட்டிக்குப் பதிலாக நிலை என்று ஒன்று வையுங்கள்: இருக்கிறது, எடுக்கவில்லை, தொலைந்தது, கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு அட்டையே கிடையாது என்பதும் அப்போது நினைவுக்கு வரும். இலக்கம் இருந்தால் அதன் வடிவத்தைச் சோதியுங்கள். பழையது 9 இலக்கமும் ஒரு எழுத்தும், புதியது 12 இலக்கம், இரண்டையும் ஏற்க வேண்டும்.

நான் அந்த ஸ்கீமாவை இன்று எழுதினால், கடிதம் ஏறக்குறைய இப்படி வரும்:

<ஆள்>
  <முழுப்பெயர்>கந்தையா யோகராணி</முழுப்பெயர்>
  <தன்பெயர்>யோகராணி</தன்பெயர்>
  <கூப்பிடும்பெயர்>ராணி</கூப்பிடும்பெயர்>
  <அடையாளஅட்டை நிலை="தொலைந்தது"/>
  <இடம்>
    <கரை>படுவான்கரை</கரை>
    <பிரிவு>மண்முனை மேற்கு</பிரிவு>
    <ஊர்வழக்கு>வவுணதீவு</ஊர்வழக்கு>
  </இடம்>
  <சொன்னவர்>அயல்வீட்டார்</சொன்னவர்>
</ஆள்>

சீட்டுகளின் பெயர் தமிழில் இருக்கிறதே, இது வேலை செய்யுமா என்று கேட்பீர்கள். செய்யும். எக்ஸ்எம்எல் தரம் தமிழ் எழுத்தில் சீட்டுப் பெயர் வைக்க முதலிலேயே இடம் கொடுத்திருக்கிறது. நாங்கள்தான் இதுவரை கேட்டுப் பார்க்கவில்லை. வெளியே அனுப்பும்போது பொதுத் தரத்தின் பெயர்களுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாதிரியை வரையும் அறையில், விதானையாரும் முகாமில் இருக்கும் அக்காவும் வாசித்து "இது பிழை தம்பி" என்று சொல்லக்கூடிய மொழியில் அது இருக்க வேண்டும்.

வந்தாறுமூலையிலும் வேறு இடங்களிலும் கணினி படிக்கிற தம்பி தங்கச்சிமாரிடம் கேட்பது இதுதான். உங்கள் இறுதி வருட புரொஜெக்டுக்கு இன்னொரு கடை பில் போடும் மென்பொருள் வேண்டாம். ஒரு கிராம உத்தியோகத்தரின் அலுவலகத்தில் ஒரு வாரம் இருந்து பாருங்கள். அங்கே ஓடும் ஃபோம்களை எடுத்து, ஒவ்வொரு கட்டாயப் பெட்டிக்கும் பக்கத்தில், இதை நிரப்ப முடியாத ஆள் ஆர் என்று எழுதுங்கள். அந்தப் பட்டியல் கையில் இருந்தால் ஸ்கீமா எழுதுவது ஒரு பின்னேர வேலை.

1978 இல் சூறாவளி, 2004 இல் சுனாமி, 2011 இல் வெள்ளம். அடுத்தது எப்போது என்று தெரியாது. வரும்போது மேசையும் மடிக்கணினியும் வரிசையும் திரும்ப வரும். அந்த அம்மம்மா இப்போது இல்லை, போன வருசம் காலமாகிவிட்டா. அவவின் மகளுக்கு அடையாள அட்டை இருக்கிறது, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறா. அடுத்த முறை அதுவும் நனையலாம்.